டிரெட்மில் ஏறும் முன்...

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் காலை நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வூதியர்களின் பேச்சு, அகவிலைப்படியிலிருந்து மெல்ல உடல்நலத்துக்கு மாறிவிட்டது. யாருக்கு வேலூரில் ஆஞ்சியோகிராம் செய்தார்கள், யாருக்குப் புதுச்சேரியில் ஸ்டென்ட் வைத்தார்கள் என்பதே இப்போதைய நாட்டு நடப்பு. இவை எல்லாவற்றுக்கும் நுழைவாயிலாக இருப்பது 'டி.எம்.டி.' எனப்படும் டிரெட்மில் பரிசோதனை.

இந்தச் சோதனைக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் பொருளியலும் புள்ளியியலும் கற்பித்தவன். ஆயினும், மருத்துவர் அறிவுரைப்படி இந்தச் சோதனையை மேற்கொண்டவன் என்ற முறையிலும், எண்களோடு வாழ்ந்தவன் என்ற முறையிலும் சொல்வதற்குச் சில செய்திகள் உண்டு. தளர்வான உடை, இலகுவான காலணி, அளவான உணவு ஆகியவை தேவையான ஆயத்தங்களே. ஆனால், 'இந்தச் சோதனை எனக்கு எதற்காக? இதன் விடையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யப் போகிறோம்?' என்ற இரண்டு கேள்விகளோடு செல்வதுதான் முதன்மையான ஆயத்தம் என்பது என் கருத்து.

முதலில் இந்தச் சோதனை எதை அளக்கிறது என்பதைப் பார்ப்போம். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கப்படும் இ.சி.ஜி. பல நேரங்களில் இயல்பாகவே இருக்கும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாயில் கணிசமான அடைப்பு இருந்தாலும், ஓய்வு நிலையில் தேவைப்படும் குறைந்த அளவு ரத்தம் எப்படியோ சென்று சேர்ந்துவிடும். உடல் உழைக்கும்போது இதயத்தின் தேவை பலமடங்கு கூடுகிறது. அப்போது வரத்து போதவில்லை என்றால் அதன் அடையாளம் இ.சி.ஜி. வரைகோட்டில் தெரியத் தொடங்கும். தேவைக்கும் அளிப்புக்கும் இடையிலான பற்றாக்குறையை வலிந்து வெளிக்கொணர்வதே இந்தச் சோதனையின் அடிப்படை. பொருளியல் மாணவர்களுக்கு இதைவிட எளிதாக விளக்க முடியாது.

உழைப்பின்போது இதயத்தைச் சோதிக்கும் முயற்சி புதியதன்று. ஆர்தர் மாஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-இல் இரண்டு படிகளில் ஏறி இறங்கச் செய்யும் சோதனையை அறிமுகப்படுத்தினார். சியாட்டில் நகரைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் 1963-இல் வெளியிட்ட பல கட்ட டிரெட்மில் முறைதான் இன்றும் உலகெங்கும் பெரிதும் பின்பற்றப்படுகிறது. இதில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூட்டப்படும். முதல் கட்டத்தில் மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 விழுக்காடு ஏற்றம். இரண்டாம் கட்டத்தில் 4 கி.மீ., 12 விழுக்காடு. மூன்றாம் கட்டத்தில் 5.5 கி.மீ., 14 விழுக்காடு என்று அது உயர்ந்துகொண்டே போகும். 10 விழுக்காடு ஏற்றம் என்றால், 100 அடி முன்னே செல்லும்போது 10 அடி மேலே ஏறுகிறோம் என்று பொருள்.

பொதுவாக, 220 என்ற எண்ணிலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 விழுக்காட்டை இதயத் துடிப்பின் இலக்காகக் கொள்வார்கள். 65 வயதுக்காரர் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 132 துடிப்புகள். இது எல்லாருக்கும் பொருந்தும் துல்லியமான விதி அன்று. ஒரு தோராயக் கணக்கு. இலக்கை எட்டும் முன்பே நெஞ்சுவலி, ரத்த அழுத்த வீழ்ச்சி, இ.சி.ஜி.யில் குறிப்பிடத்தக்க மாறுதல் ஆகியவை தோன்றினால் சோதனை நிறுத்தப்படும்.

இனி, உடலளவிலான ஆயத்தங்கள். இவற்றுள் தலையாயது மாத்திரைகள் பற்றியது. உயர் ரத்த அழுத்தத்துக்காக மெட்டோபிரோலால், அடெனோலால், பிசோபிரோலால் போன்ற 'பீட்டா பிளாக்கர்' மாத்திரைகளைப் பலர் உட்கொள்கிறார்கள். இவை இதயத் துடிப்பு கூடாமல் தடுப்பவை. இவற்றை உட்கொண்டு டிரெட்மில்லில் ஏறினால் துடிப்பு இலக்கை எட்டாமலே போகலாம். 'முடிவு கூற இயலவில்லை' என்ற அறிக்கையோடு திரும்ப நேரிடலாம். எனவே, நோயைக் கண்டறிவதற்கான சோதனை என்றால், ஓரிரு நாள்களுக்கு முன்பே அவற்றை நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோய்க்குத் தரப்படும் மருந்து போதுமானதா என்று அறிவதற்கான சோதனை என்றால், வழக்கம்போல் உட்கொண்டே வரச் சொல்வார்கள்.

ஒரே மாத்திரையை ஒருவர் நிறுத்தவும் மற்றொருவர் தொடரவும் வேண்டியிருப்பதற்குக் காரணம், சோதனையின் நோக்கம் வேறுபடுவதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்டதைக் கேட்டு நாமாக நிறுத்திவிடக் கூடாது. பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறி, நெஞ்சுவலியையே தூண்டிவிடக் கூடும். 'எந்த மாத்திரையை, எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும், எப்போது மீண்டும் தொடங்க வேண்டும்' என்பதைச் சோதனையை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேட்டு, மருந்துச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. டிகாக்சின் உட்கொள்பவர்கள் அதைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும். அந்த மருந்து இ.சி.ஜி. வரைகோட்டையே மாற்றிக் காட்டும்.

இரண்டாவது, உணவு. சோதனைக்கு 2 அல்லது 3 மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி போன்ற எளிய உணவு போதும். வயிறு நிறைந்திருந்தால் குமட்டலும் மூச்சிரைப்பும் வரும். வெறும் வயிற்றோடு ஓடினால் மயக்கம் வரும். 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் தொகுப்பாகச் செய்யப்படும் சோதனைகளில் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. முந்தைய இரவிலிருந்து உண்ணாமல் வந்து ரத்தம் கொடுத்துவிட்டு, பசியில் பொங்கலும் வடையும் காபியுமாக உண்டு முடித்த கையோடு டிரெட்மில்லுக்கு அழைக்கப்படுகிறார்கள். நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, உணவுக்கும் சோதனைக்கும் இடைவெளி விடுமாறு கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

நீரிழிவு நோயாளிகளுக்கு இது இன்னும் முக்கியம். வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு, உணவைக் குறைத்துக்கொண்டு, உடலையும் உழைக்கவைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். அன்றைய அளவு என்ன என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கையில் சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருப்பது பாதுகாப்பு.

காபி பற்றியும் கேள்வி எழுவதுண்டு. சோதனை நாளன்று காபி, தேநீர் இரண்டையும் தவிர்க்கச் சொல்வதே வழக்கம். முழங்கால் தேய்மானம் போன்ற காரணங்களால் நடக்க இயலாதவர்களுக்கு, மருந்தைச் செலுத்தி இதயத்தைச் சோதிக்கும் முறைகள் உள்ளன. அவற்றுள் அடினோசின் போன்ற மருந்தைப் பயன்படுத்தி எடுக்கப்படும் ஸ்கேனுக்கு இந்தக் கட்டுப்பாடு மிகக் கண்டிப்பானது. காபியில் உள்ள கஃபீன் அந்த மருந்தின் வேலையையே முடக்கிவிடும் என்பதால், 12 முதல் 24 மணி நேரம் வரை காபி, தேநீர், கோலா பானங்கள், சாக்லேட், கஃபீன் கலந்த தலைவலி மாத்திரைகள் அனைத்தையும் விலக்கச் சொல்வார்கள். புகைபிடித்தலையும் புகையிலை மெல்லுவதையும் அன்று அறவே தவிர்க்க வேண்டும்; அன்றோடு நிறுத்திவிட்டால் அதைவிட நன்று.

மூன்றாவது, உடை. நம் ஊரில் வேட்டியும் ரப்பர் செருப்புமாகச் சோதனைக்கு வரும் பெரியவர்களும், புடவையில் வரும் தாய்மார்களும் மிகுதி. நகரும் பட்டையில் புடவைக் கொசுவமும் வேட்டி நுனியும் சிக்கினால் விபத்துதான். ஆண்கள் கால்சட்டையும், பெண்கள் சுடிதாரும் முன்புறம் திறக்கும் மேற்சட்டையும் அணிவது வசதியாக இருக்கும். பின்புறம் வார் உள்ள, கால் நழுவாத காலணி தேவை. அன்று காலை எண்ணெய்க் குளியல் வேண்டாம். மார்பில் எண்ணெய், பவுடர், சந்தனம் எதுவும் பூச வேண்டாம். மின்வாய்கள் தோலில் சரியாக ஒட்டாவிட்டால் வரைகோடு சிதையும். இதே காரணத்துக்காக ஆண்களுக்கு மார்பு முடியை மழிப்பதும் உண்டு. பெண்கள் தங்களுக்குப் பெண் பணியாளர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது அவர்களின் உரிமை. கூச்சத்தால் சோதனையையே தள்ளிப்போடும் பெண்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பழைய இ.சி.ஜி., எக்கோ அறிக்கைகள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது தந்த குறிப்பு, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பழைய இ.சி.ஜி.யோடு ஒப்பிட்டால்தான் புதிய மாறுதல் எது என்பது விளங்கும். துணைக்கு ஒருவர் வருவதும் நல்லது.

சோதனை அறையில் ஒப்புதல் படிவம் ஒன்று தருவார்கள். பேருந்துச் சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதுபோல் அதில் கையெழுத்திட்டுவிடுகிறோம். அமெரிக்காவில் 73 மையங்களில் செய்யப்பட்ட ஏறத்தாழ 1,70,000 சோதனைகளை ஆராய்ந்து 1971-இல் வெளியான கட்டுரை, 10,000 சோதனைகளுக்கு ஒரு மரணம் என்ற அளவில் ஆபத்து இருந்ததாகக் கணக்கிட்டது. அச்சப்பட வேண்டிய எண் அன்று. அதே வேளையில், அலட்சியப்படுத்தத்தக்கதும் அன்று. சோதனையை மேற்பார்வையிடும் மருத்துவர் அறையில் இருக்கிறாரா, தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி அருகில் இருக்கிறதா என்று கேட்பதைக் குறுக்கு விசாரணையாக யாரும் கருதத் தேவையில்லை.

பட்டையில் ஏறிய பின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு தொங்கக் கூடாது. உடல் எடையில் ஒரு பகுதியைக் கைகள் தாங்கிக்கொள்வதால், நம் திறன் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகப் பதிவாகும். அதேபோல், நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, தலைச்சுற்றல், அளவு மீறிய மூச்சிரைப்பு ஆகியவற்றை உடனே சொல்லிவிட வேண்டும். 'பாதியில் நிறுத்தினால் தோற்றுவிட்டதாக நினைப்பார்களே' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் ஆண்கள் நம்மிடையே அதிகம். இங்கே தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. எந்த இடத்தில் வலி வந்தது என்பதே மருத்துவருக்குத் தேவைப்படும் விடை. பட்டையிலிருந்து இறங்கிய பின்னும் சில நிமிடங்கள் இ.சி.ஜி. பதிவு தொடரும், சில மாறுதல்கள் அப்போதுதான் தென்படும் என்பதால் அவசரப்பட்டுக் கிளம்பக் கூடாது.

இவ்வளவு ஆயத்தங்களோடும் செல்லக் கூடாத நாள்களும் உண்டு. ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறது, முந்தைய இரவு வலியால் உறக்கம் இல்லை, காய்ச்சல் அடிக்கிறது, ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருக்கிறது என்றால் அன்று டிரெட்மில்லில் ஏறக் கூடாது. குறிப்பாக, ஓய்வில் வரும் நெஞ்சுவலியோடு இருப்பவர், 'வியாழக்கிழமை டி.எம்.டி.க்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்வோம்' என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும். அவர் அழைக்க வேண்டியது 108 எண்ணை. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மருந்துகளை உடனடியாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு உள்ளது. நகரத்து மருத்துவமனைக்குச் செல்லப் பல மைல் பயணிக்க வேண்டிய செங்கம், ஜவ்வாது மலைப் பகுதி மக்கள் இதை மறவாமல் மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட இரண்டு கேள்விகளுக்கு வருவோம். அறிகுறி ஏதும் இல்லாத ஒருவர் 'எதற்கும் பார்த்துவிடலாமே' என்று இந்தச் சோதனையைச் செய்துகொண்டால் என்ன ஆகும்? இங்கேதான் நான் வகுப்பறையில் பல ஆண்டுகள் கற்பித்த பேயிஸ் தேற்றம் உதவிக்கு வருகிறது.

ஏற்கெனவே நடந்த 147 ஆய்வுகளைத் தொகுத்து 1989-இல் வெளியான ஆய்வின்படி, இந்தச் சோதனை, நோய் உள்ள 100 பேரில் சராசரியாக 68 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது; நோய் இல்லாத 100 பேரில் 77 பேரைச் சரியாக விடுவிக்கிறது. கேட்பதற்கு இது நல்ல மதிப்பெண்ணாகவே தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம்.

அறிகுறி ஏதும் இல்லாத 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 5 விழுக்காட்டினருக்கு, அதாவது 50 பேருக்கு, கணிசமான அடைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை அந்த 50 பேரில் 34 பேரைக் கண்டுபிடிக்கும். எஞ்சிய 950 பேர் நலமானவர்கள். ஆனால், அவர்களில் 23 விழுக்காட்டினரை, அதாவது ஏறத்தாழ 219 பேரை, சோதனை நோயாளிகள் என்று தவறாகச் சுட்டும். ஆக மொத்தம் 253 பேருக்கு 'பாசிட்டிவ்' என்ற அறிக்கை வரும். அவர்களில் உண்மையான நோயாளிகள் 34 பேர் மட்டுமே. ஏழு பேருக்கு அச்சத்தை ஊட்டினால் அதில் ஒருவருக்குத்தான் நோய்.

இப்போது, மேடேறினால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் சரியாகிறது என்று சொல்லும் 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் பாதிப் பேருக்கு அடைப்பு இருப்பதாகக் கொண்டால், சோதனை 340 பேரைச் சரியாகவும் 115 பேரைத் தவறாகவும் சுட்டும். பாசிட்டிவ் அறிக்கை பெற்ற 455 பேரில் நான்கில் மூவர் உண்மையான நோயாளிகள். கருவி அதே கருவி, தொழில்நுட்பரும் அவரே. சோதனைக்கு வந்தவர் யார் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. அதற்கேற்ப அறிக்கையின் பொருளே மாறிவிடுகிறது. டயமண்ட், ஃபாரெஸ்டர் என்ற இரு மருத்துவர்கள் 1979-லேயே இந்தத் தர்க்கத்தை இதய நோய்க்குப் பொருத்திக் காட்டினர். வயது, பாலினம், வலியின் தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து சோதனைக்கு முன்பே நோயின் நிகழ்தகவைச் சொல்லிவிடுகின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை.

இதே கணக்கின் மறுபக்கமும் உண்டு. வலி உள்ள அந்த 1,000 பேரில் 'நெகட்டிவ்' என்று அறிக்கை பெறுவோர் 545 பேர். அவர்களில் 160 பேருக்கு, அதாவது 10 பேரில் ஏறத்தாழ மூவருக்கு, அடைப்பு இருக்கிறது. எனவே, தெளிவான அறிகுறி உள்ளவர் 'டி.எம்.டி. நார்மல்' என்ற தாளைக் காட்டி வலியை மறந்துவிடக் கூடாது. பெண்களிடம் இந்தச் சோதனையின் துல்லியம் ஆண்களைவிடக் குறைவு என்பதையும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது.

அமெரிக்க நோய்த் தடுப்புப் பணிக்குழு 2018-இல் வெளியிட்ட பரிந்துரையில், அறிகுறி இல்லாத, இடர் குறைந்தவர்களுக்கு இதய நோயைத் தேடி இ.சி.ஜி.யோ டிரெட்மில் சோதனையோ செய்ய வேண்டாம் என்று கூறியுள்ளது. நம் நாட்டிலோ விழாக்காலத் தள்ளுபடிபோல் இதய பரிசோதனைத் தொகுப்புகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. நோய்த் தடுப்புப் பரிசோதனைக்காக 5,000 ரூபாய் வரை வருமான வரிக் கழிவு அளித்த 80டி பிரிவும், மார்ச் மாத நெருக்கத்தில் இந்தத் தேவையைக் கூட்டியது. சோதனைக் கட்டணத்தை மட்டுமே நாம் செலவாகப் பார்க்கிறோம். தவறான பாசிட்டிவ் அறிக்கைக்குப் பின் வரும் ஆஞ்சியோகிராம், பயணம், குடும்பத்தின் உறக்கமற்ற இரவுகள் ஆகியவையும் அந்தச் செலவின் பகுதியே.

இதற்காக மருத்துவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கென்னத் ஆரோ என்ற பொருளியல் அறிஞர், மருத்துவத் துறை ஏன் மற்றச் சந்தைகளைப்போல் இயங்குவதில்லை என்பதை 1963-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ள தகவல் ஏற்றத்தாழ்வை அவர் அழுத்தமாகச் சுட்டினார். புரூஸின் டிரெட்மில் முறை வெளிவந்ததும் அதே ஆண்டுதான். கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தையைப் பார்த்து ஒதுக்கத் தெரிந்த நமக்கு, சோதனையை அப்படிப் பார்த்து வாங்கத் தெரியாது. அந்த இடைவெளியைச் சற்றேனும் குறைப்பவை நாம் கேட்கும் கேள்விகளே.

அடுத்த கேள்வி, விடையை என்ன செய்யப் போகிறோம் என்பது. பாசிட்டிவ் என்றதும் மறுநாளே ஸ்டென்ட் என்று முடிவுக்கு வந்துவிடுகிறோம். இந்தியா உள்ளிட்ட 37 நாடுகளில், நிலையான இதய நோயுள்ள 5,179 பேரிடம் நடத்தப்பட்ட 'இஸ்கீமியா' ஆய்வின் முடிவுகள் 2020-இல் வெளியாயின. உழைப்புச் சோதனைகளில் கணிசமான ரத்தக் குறைபாடு தெரிந்தவர்களுக்கும்கூட, உடனடியாக ஸ்டென்ட் அல்லது அறுவைச் சிகிச்சை செய்ததால், மருந்துச் சிகிச்சையோடு தொடங்கியவர்களைவிட மரணமோ மாரடைப்போ ஒட்டுமொத்தமாகக் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அடிக்கடி நெஞ்சுவலி இருந்தவர்களுக்கு அந்த வலி நன்கு குறைந்தது என்பதும் உண்மை. இடது முதன்மைக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் இந்த ஆய்வில் இடம்பெறவில்லை. அவர்களுக்கு விதி வேறு. மற்றவர்களைப் பொறுத்தவரை, மருத்துவரோடு அமர்ந்து பேசி முடிவெடுக்கப் பெரும்பாலும் அவகாசம் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

அறிக்கையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற சொல்லை மட்டும் தேடாமல், 'எத்தனை மெட்ஸ்?' என்றும் பார்க்க வேண்டும். ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலைப்போல் எத்தனை மடங்கு வரை நம்மால் உழைக்க முடிந்தது என்பதைச் சொல்லும் அளவு அது. அமெரிக்காவில் 6,213 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உழைப்புத் திறன் ஒரு மெட்ஸ் கூடினால் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 12 விழுக்காடு மேம்படுவதாகக் கண்டது. ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் போன்றவற்றைவிட இந்த ஓர் எண்ணே ஒருவரின் வருங்காலத்தை நன்கு கணித்தது. நடைப்பயிற்சியால் நாமே உயர்த்திக்கொள்ளக் கூடிய எண் இது என்பதுதான் இதன் சிறப்பு.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு கருத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். '14 கி.மீ. கிரிவலத்தைச் சிரமமின்றி முடித்துவிட்டேன். என் இதயத்துக்கு இதைவிட என்ன சோதனை வேண்டும்?' என்று கேட்போர் பலர். 14 கி.மீ. தொலைவை 4 மணி நேரத்தில் கடப்பது என்றால் மணிக்கு 3.5 கி.மீ. வேகம். பெரும்பாலும் சமதளமான பாதையில் இது ஏறத்தாழ 3 மெட்ஸ் உழைப்பு. புரூஸ் முறையின் இரண்டாம் கட்டமே ஏறத்தாழ 7 மெட்ஸ். எனவே, கிரிவலம் முடிப்பது நல்ல பழக்கத்துக்குச் சான்றாகலாம். ரத்தக்குழாய்க்குத் தரும் நற்சான்றிதழ் ஆகாது. அதுபோலவே, டி.எம்.டி. இயல்பாக இருக்கிறது என்பது 2,668 அடி உயர மலையில் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டும் ஆகாது. பெரிய அடைப்புகளையே இந்தச் சோதனை பெரும்பாலும் காட்டும். சிறிய கொழுப்புப் படிவம் ஒன்று திடீரென வெடித்து ரத்தம் உறைவதால் வரும் மாரடைப்பை அதனால் முன்கூட்டிச் சொல்ல இயலாது. பௌர்ணமி இரவில் உறக்கமின்றி, போதிய நீரின்றி, மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு நடப்பவர் எந்த அறிக்கையையும் நம்பி நடக்கக் கூடாது.

அறிகுறி இல்லாதவர்கள் வாளாவிருக்க வேண்டும் என்பதன்று என் வாதம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் அளந்து கட்டுக்குள் வைப்பதும், புகையிலையை விடுவதும் செலவு குறைந்த, பயன் மிகுந்த முதலீடுகள். 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடி வந்தே பார்க்கிறார்கள். கையளவு கருவிகள் செய்யும் அந்தப் பணிக்கு டிரெட்மில்லுக்கு உள்ள கவர்ச்சி இல்லை. ஆனால், உயிர்களைக் காப்பதில் அதன் பங்கு குறைந்ததன்று.

மாறாக, நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறவர்களும், வழக்கமான வேலையிலேயே புதிதாக மூச்சிரைக்கிறவர்களும், செலவுக்கும் கூச்சத்துக்கும் அஞ்சி மருத்துவரைத் தவிர்க்கக் கூடாது. தேவையற்றவர் செய்துகொள்ளும் சோதனை பணத்தை வீணாக்கும்; தேவைப்படுபவர் தள்ளிப்போடும் சோதனை உயிரைப் பறிக்கும். இவ்விரண்டும் ஒரே ஊரில், சில நேரங்களில் ஒரே தெருவில் நடக்கின்றன என்பதே வேதனை.

ஆகவே, அடுத்த முறை மருத்துவர் இந்தச் சோதனையை எழுதிக் கொடுக்கும்போது பணிவோடு கேட்போம்: 'ஐயா, எனக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கருதுகிறீர்கள்? பாசிட்டிவ் என்றால் அடுத்து என்ன? நெகட்டிவ் என்றால் நிம்மதியாக இருக்கலாமா? எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்?' இந்த நான்கு கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் போதும். நல்ல மருத்துவர்கள் இவற்றை வரவேற்கவே செய்வார்கள்.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), திருவண்ணாமலை.